எழுத்தும் எழுத்தின் படமும்

வானொலிப் பேச்சுக்கு ஒரு குறை உண்டு. செவிப்புலன் இல்லாதார் இதனைக் கேட்க இயலாது. இப்பேச்சையே பின்னர் நூலாக அச்சிட்டால் அக்குறை நீங்கும். ஆனால் அந்நூலைப் பார்வை இல்லாதார் படிக்க இயலாது. காற்றில் வரும்போது ஒரு சாராரையும், தாளில் வரும்போது வேறொரு சாராரையும் விலக்கி நிற்பது ஒரே பேச்சுத்தான். இருசாராரும் சிறு தொகையினர் அல்லர். 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2 கோடியே 68 இலட்சம் பேர். அவர்களுள் பார்வைக் குறையுடையோர் 50 இலட்சத்திற்கு மேற்பட்டோர்; செவிக் குறையுடையோரும் அவ்வளவினரே.

கணினி வந்தபின் இந்நிலை மாறுதற்கு வழி பிறந்தது. கணினியில் அமைந்த ஓர் ஆவணம் கண்ணுக்கு எழுத்தாகவும், செவிக்கு ஒலியாகவும், விரலுக்குப் புள்ளியாகவும் வரக்கூடியது. வரக்கூடியது என்றேனேயன்றி, வருகிறது என்று கூறினேன் அல்லேன். அந்த ஆவணத்தை ஆக்குகிறவர் எவ்வாறு ஆக்குகிறார் என்பதைப் பொறுத்த செய்தி அது. அதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

எனக்கு நண்பர் ஒருவர் உளர். கல்லூரியில் தமிழ் கற்பிக்கின்றார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். நம் நாட்டுக் கல்லூரிகளில் அவரைப் போன்ற தமிழாசிரியர் பலர் உளர் என்பதை நேயர்கள் அறிவார்கள். அவருடைய மேசையில் கணினி இருக்கிறது. ஆனால் அதன் திரையைப் பெரும்பாலும் அணைத்தே வைத்திருப்பார். கணினி அவருக்குப் பேசுகிறது. திரையில் உள்ள எழுத்தை எடுத்து ஒலியாக்கித் தரும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். அவர் பயன்படுத்துவது என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இருவர் 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய பணி அது. இருவரும் பார்வையற்றவர்கள். விலையின்றி எவரும் பெறலாம். நண்பர் அதனைக் கேட்கும் விரைவு எனக்கு வியப்பளிப்பது. அவர் ஒரு பக்கத்தைக் கேட்டு முடிக்கும்போது, அருகில் இருக்கும் நான் ஒரு சொல்லைக்கூடப் பிரித்தறிந்திருக்க மாட்டேன்.

இத்தகைய வசதி இருந்தும், ஒருநாள் அவர் மனம் நொந்து பேசினார். ஆசிரியர் பயிற்சி ஒன்றிற்கு விண்ணப்பம் கோரி ஒரு நிறுவனத்திலிருந்து மின்னஞ்சலில் சுற்றறிக்கை வந்திருந்தது. அதனைத் திறந்தார். 'ஆவணம் வெறுமையாக உள்ளது' என்று கணினி கூறிற்று. மீண்டும் திறந்தார், மீண்டும் அதே விடை. யாரோ தவறுதலாக வெற்றுத்தாளை அனுப்பிவிட்டார்கள் என்று கருதி விட்டுவிட்டார். நான்கு நாட்கள் கழித்து உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர், 'நீங்கள் விண்ணப்பிக்கவில்லையா?' என்று கேட்டபோதுதான் செய்தி தெரிந்தது. கடைசி நாள் முதல்நாளே கடந்திருந்தது.

அந்தச் சுற்றறிக்கை வெறுமையானது அன்று. இரண்டு பக்கம் நிறையத் தமிழ் இருந்தது. கண்ணுள்ளவர் யாவரும் படித்தனர். ஆனால் கணினியைப் பொறுத்தவரை அதில் ஓர் எழுத்தும் இல்லை. எழுத்துகளின் படமே இருந்தது. தாளை வருடிக் கருவியில் வைத்துப் படம் பிடித்தால், கணினிக்குக் கிட்டுவது கருப்பும் வெள்ளையுமான புள்ளிகளே. 'இங்கே ஒரு படம் இருக்கிறது' என்பதற்கு மேல் திரைவாசிப்பானுக்கு ஒன்றும் தெரியாது. சுவரில் மாட்டிய படத்தில் ஒரு பூட்டு இருக்கலாம். அதனுள் சாவி நுழையுமா?

இதில் நகைப்பிற்கிடமான செய்தி ஒன்றுண்டு. அச்சுற்றறிக்கை கணினியில்தான் தட்டெழுதப்பட்டது. பின் தாளில் அச்சிடப்பட்டது. மேலதிகாரி கையொப்பமிட்டார், முத்திரை வைத்தனர். அதன்பின் அத்தாளைப் படமாக்கி அனுப்பினர். தொடக்கத்தில் எழுத்தாக இருந்ததை வருந்தி முயன்று படமாக்கியிருக்கின்றனர்! கையொப்பம் வேண்டுமெனில் மின்கையொப்பம் இருக்கிறது. அது இல்லையாயினும், முத்திரையிட்ட படத்தோடு எழுத்தாக உள்ள மூலத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கலாம். அதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. அரை நிமிடம் போதும்.

படத்திலிருந்து எழுத்தை மீட்கும் மென்பொருள்கள் இன்று தமிழுக்கும் உள்ளன. தெளிவான அச்சாயின் அவை நன்றாகவே மீட்கின்றன. ஆனால் மை மங்கிய தாள், முத்திரை விழுந்த வரி, கட்டங்களில் நெருங்கி நிற்கும் எண்கள் ஆகியவற்றில் தடுமாறிவிடுகின்றன. கடைசி நாளும் கட்டணத் தொகையும் பெரும்பாலும் அத்தகைய கட்டங்களிலேயே இருக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி, படமாக அன்றி எழுத்தாகவே இருந்தும் படிக்க இயலாத ஆவணங்கள் சில உண்டு. இது தமிழுக்கு நேர்ந்த தனித்துயரம். இதனைச் சற்று விரித்தே கூறவேண்டும்.

கணினி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே அறியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. ஆங்கிலச் சிறிய எழுத்தாகிய ஜே-க்கு 106 என்பது எண். தமிழுக்கு எண்கள் வகுக்கப்பெறாத காலத்தில், தமிழ் அச்சிட விரும்பியவர்கள் ஒரு குறுக்கு வழி கண்டனர். ஜே இருந்த 106-ஆம் அறையில், ஜே-யின் வடிவத்தை நீக்கிவிட்டுத் தகரத்தின் வடிவத்தை வரைந்து வைத்தனர். இவ்வாறு ஆங்கில அறைகளில் எல்லாம் தமிழ் வடிவங்கள் குடியேறின. அவரவரும் தத்தம் விருப்பப்படியே குடியேற்றினர். ஒருவர் எழுத்துருவில் தகரம் இருந்த அறையில் மற்றொருவர் எழுத்துருவில் வேறோர் எழுத்து இருந்தது. நாளிதழ்களுள் பல தமக்கெனத் தனி அமைப்பு வைத்திருந்தன.

ஈழத்திலும் தமிழ்நாட்டிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் பெரிதும் வழங்கிய பாமினி என்னும் எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் 'தமிழ்' என்று எழுத, ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து குறிகளைத் தட்டவேண்டும். திரையில் 'தமிழ்' என்று அழகாகத் தோன்றும். அச்சிலும் அவ்வாறே. ஆனால் கணினியின் உள்ளே இருப்பன ஆங்கில எழுத்துகள் நான்கும் ஒரு நிறுத்தக்குறியுமே. திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். மேலே போர்த்திய வடிவத்தைப் பாராது. எனவே அந்தச் சொல்லைக் கேட்பவர் செவியில் 'தமிழ்' விழாது. பொருளற்ற ஆங்கில முழக்கமே விழும். ஒரு முழு நூல் இவ்வாறு ஒலித்தால் எப்படியிருக்கும்!

இக்குழப்பத்தைத் தீர்க்கப் பலர் முயன்றனர். இணையவழியே அறிஞர் கூடிப் பேசித் 'திஸ்கி' என்றொரு பொது அமைப்பு வகுத்தனர். 1999-ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய தமிழ்இணையம் 99 மாநாடு வேறு இரண்டு அமைப்புகளையும் தமிழ்99 என்னும் விசைப்பலகையையும் பரிந்துரைத்தது. ஆனால் நிலையான தீர்வு ஒருங்குறியால் வந்தது. யூனிகோடு என்னும் அவ்வமைப்பில் உலக மொழிகள் பலவற்றின் எழுத்துகளுக்கும் தனித்தனி எண் உண்டு. 1991-இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதில் தகரத்தின் எண் 2980. அந்த எண்ணில் உலகில் வேறெந்த எழுத்தும் இல்லை. 2010-இல் தமிழ்நாட்டரசும் ஒருங்குறியை ஏற்றது.

ஒருங்குறியால் விளைந்த நன்மை மற்றொன்றும் உண்டு. 'கொ' என்னும் எழுத்தைக் காணுங்கள். கண்ணுக்கு முதலில் ஒற்றைக்கொம்பும், நடுவில் ககரமும், இறுதியில் காலும் தெரிகின்றன. பழைய எழுத்துருக்களில் அவ்வாறே மூன்று துண்டுகளாகத் தட்டினர். செவிக்கோ முதலில் ககர ஒலி, அதன்பின் ஒகர ஒலி, அவ்வளவே. ஒருங்குறி, செவியின் வரிசையைப் பின்பற்றுகிறது. முதலில் ககரத்தின் எண். அடுத்து ஒகரக் குறியின் எண். 1951-இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக ஏற்கப்பெற்ற பாரதி பிரெயில் முறையும் இவ்வாறே ககரப் புள்ளிகளை முன்னும் ஒகரப் புள்ளிகளைப் பின்னும் வைக்கிறது. ஆறு புள்ளிகளைக் கொண்டு எழுத்தை அமைக்கும் முறையை லூயி பிரெயில் என்ற பிரெஞ்சு இளைஞர் 1824-இல், தம் பதினைந்தாம் அகவையில் வகுத்தார். அப்புள்ளிகள் இன்று தாளில் மட்டுமின்றி, கணினியோடு இணைந்த சிறு பலகையில் ஊசி முனைகளாக எழுந்தும் அமிழ்ந்தும் வரிவரியாக மாறுகின்றன. உள்ளே உண்மையான எழுத்து இருந்தால்தான் அந்த ஊசிகள் எழும்.

ஒருங்குறியில் எழுதிவிட்டாலே எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடவும் இயலவில்லை. பக்க அமைப்புச் செய்து பிடிஎஃப் ஆவணமாக மாற்றும்போது, சில மென்பொருள்கள் மீண்டும் கண்ணின் வரிசைக்கே எழுத்துகளைக் கலைத்துப் போட்டுவிடுகின்றன. கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் எனச் சிதறுகின்றது. ஆவணத்தை வெளியிடுமுன் ஒரு பத்தியைப் படியெடுத்து வேறோரிடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் நன்று. ஆங்கிலக் குப்பையாகவோ உடைந்த தமிழாகவோ வந்தால், அது திரைவாசிப்பானுக்கும் அவ்வாறே கேட்கும். ஒன்றும் வராவிட்டால் அது படம். இச்சோதனைக்குப் பொறியியல் அறிவு எதுவும் வேண்டியதில்லை.

எழுத்து சரியாக அமைந்தபின், ஆவணத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். கண்ணால் படிப்பவர் ஒரு பக்கத்தை முழுமையாகப் படிப்பதில்லை. மேலோட்டமாக நோக்கி, தடித்த எழுத்தில் உள்ள தலைப்பைக் கண்டு, வேண்டிய இடத்திற்குத் தாவுகிறார். செவியால் படிப்பவருக்கு அவ்வாறு ஒருங்கே நோக்கும் வாய்ப்பு இல்லை. ஆனால் அதற்கு ஈடான வசதி உண்டு. தலைப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லுமாறு திரைவாசிப்பானுக்குக் கட்டளையிடலாம். தலைப்பு எது என்று அதற்கு எப்படித் தெரியும்? எழுத்தைப் பெரிதாக்கி, தடிப்பாக்கி, நடுவில் வைப்பதால் தெரியாது. அது கண்ணுக்கு மட்டுமே செய்யும் ஒப்பனை. ஒவ்வொரு சொற்செயலியிலும் 'தலைப்பு' என்று குறிப்பதற்கெனத் தனியே ஓர் ஏற்பாடு உண்டு. அதனைப் பயன்படுத்தினால் போதும். இருநூறு பக்க அறிக்கையில் அதனைச் செய்யாமல் விடுவது, உள்ளடக்கமும் பக்க எண்ணும் இல்லாமல் நூலை அச்சிடுவதை ஒக்கும்.

அட்டவணைகளிலும் இதே கதைதான். இடைவெளி விட்டு எண்களை வரிசைப்படுத்தினால் கண்ணுக்கு அட்டவணை. செவிக்கு வெறும் எண் மழை. உண்மையான அட்டவணையாக அமைத்து முதல் வரியைத் தலைவரி என்று குறித்தால், 'கட்டணம், 250' என்று சேர்த்துச் சொல்லும்.

படங்களுக்கு வருவோம். ஆவணத்தில் படம் வைக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பை அதனோடு சேர்க்கலாம். மாற்றுரை என்பது அதன் பெயர். திரைவாசிப்பான் படத்திற்கு மாறாக அதனைப் படிக்கும். இங்கு ஒரு நயம் வேண்டும். 'படம்' என்று எழுதினால் பயனில்லை. ஒன்றையும் விடாமல் ஒரு பக்கம் வருணித்தாலும் பயனில்லை. அப்படம் எதற்காக அங்கே வைக்கப்பெற்றதோ அதனைச் சொல்லவேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் படம் கட்டடக் கலைக் கட்டுரையில் வந்தால் விமானத்தின் அமைப்பைச் சொல்க. சுற்றுலா அறிவிப்பில் வந்தால் கோயிலின் பெயரே போதும். ஓரத்தில் அழகுக்காக வைத்த பூங்கொடிக்கு ஒன்றும் சொல்லவேண்டா. அதனை ஒப்பனை என்று குறித்துவிட்டால் திரைவாசிப்பான் தாண்டிச் செல்லும். ஒவ்வொரு பக்கத்திலும் 'பூங்கொடி, பூங்கொடி' என்று கேட்க யார்தான் விரும்புவர்?

இதுவரை பார்வை இல்லாதாரைப் பற்றியே பேசினேன். எனக்கு அணுக்கமாகத் தெரிந்தது அதுவே என்பதால் அவ்வாறாயிற்று. செவிப்புலன் இல்லாதார்க்கு எழுத்தில் தடையில்லை. ஒலியும் ஒளியுமாக வரும் பாடங்களிலும் அறிவிப்புகளிலும்தான் தடை. அவற்றில் பேசப்படும் சொற்கள் சப்டைட்டில் எனப்படும் வசன வரிகளாகத் திரையின் அடியில் வரவேண்டும். பேச்சு மட்டுமன்றி, 'கதவு தட்டும் ஒலி', 'கூட்டத்தில் கூச்சல்' என்பனவும் வரவேண்டும். தாமாகவே வசன வரி எழுதும் மென்பொருள்கள் வந்துள்ளன. ஆனால் அவை ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் சிதைத்துவிடுகின்றன. மனிதர் ஒருவர் பார்த்துத் திருத்துவது இன்றியமையாதது. பிறவியிலேயே செவிப்புலன் இல்லாதார் பலர்க்கு இந்தியச் சைகை மொழியே தாய்மொழி போன்றது. அவர்களுக்குத் தமிழ் எழுத்தும் இரண்டாம் மொழியே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வெள்ளம், புயல் பற்றிய அறிவிப்புகளிலேனும் சைகையில் பெயர்ப்பவர் ஒருவர் திரையில் நிற்பது அவர்களுக்கு உயிர் காக்கும் செய்தி.

மங்கிய பார்வையுடையோர்க்கு எழுத்தும் பின்புலமும் நிறத்தால் நன்கு வேறுபட வேண்டும். வெள்ளைத் தாளில் இளஞ்சாம்பல் எழுத்து நாகரிகமாகத் தோன்றலாம், படிக்க ஆகாது. டபிள்யூ3சி எனப்படும் உலக வலைக் கூட்டமைப்பு 1999-இல் இத்தகைய நெறிகளைத் தொகுத்து வெளியிட்டது. 2008-இல் வந்த இரண்டாம் பதிப்பு, சாதாரண எழுத்துக்கு ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் இருத்தல் வேண்டும் என்று வரையறுத்தது. கை நடுக்கம் உடையோர், சுட்டியைப் பிடித்து நகர்த்த இயலாதோர் ஆகியோர்க்காக, எல்லாச் செயல்களையும் விசைப்பலகையாலேயே செய்துகொள்ளும் வாய்ப்பு இருக்கவேண்டும் என்பதும் அந்நெறிகளுள் ஒன்று.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் வரும் உள்ளடக்கம் அவர்கள் அணுகத்தக்க வடிவில் இருப்பதற்கு அரசு நடவடிக்கை எடுக்கவேண்டும் என்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இதற்கான விதி வெறும் பரிந்துரைபோல் அமைந்திருப்பது அச்சட்டத்திற்கே முரணானது என்று தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை வகுக்குமாறு பணித்தது. நூல்களைப் பொறுத்தவரை, பதிப்புரிமை பெரிய தடையாக இருந்தது. 2012-இல் இந்தியச் சட்டம் திருத்தப்பெற்று, மாற்றுத்திறனாளிகளுக்காக அணுகத்தக்க படி எடுப்பது குற்றமன்று என்றாயிற்று. 2013-இல் மொராக்கோ நாட்டின் மராக்கேஷ் நகரில் இதற்கென ஓர் உலக உடன்படிக்கை உருவாயிற்று. அதனை முதன்முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா, ஆண்டு 2014. இது பெருமைக்குரியதே.

2025 ஏப்ரல் 30-இல் வந்த மற்றொரு தீர்ப்பை மட்டும் சற்று நின்று நோக்கவேண்டும். வங்கிக் கணக்குத் தொடங்கவும் தொலைபேசி இணைப்புப் பெறவும், இன்று கைப்பேசியின் முன் முகத்தைக் காட்டி, 'கண்ணை இமையுங்கள்' என்னும் கட்டளைக்கு இணங்கவேண்டியுள்ளது. எதிரே இருப்பவர் உயிருள்ள ஆள்தான் என்று உறுதிசெய்யும் ஏற்பாடு அது. அமிலவீச்சால் முகமும் இமைகளும் சிதைந்தவர் எவ்வாறு இமைப்பார்? பார்வை இல்லாதார் முகத்தைக் கட்டத்திற்குள் எவ்வாறு நிறுத்துவார்? இவ்வழக்கைக் கேட்ட உச்ச நீதிமன்றம், மின்னணு அணுக்கம் என்பது அரசியலமைப்பின் 21-ஆம் உறுப்பு காக்கும் உயிர்வாழும் உரிமையின் கூறு என்று கூறி, மாற்று வழிகள் அமைக்குமாறு இருபது ஆணைகளைப் பிறப்பித்தது. உயிருண்டா என்று அறிய வைத்த சோதனையில், உயிரோடிருப்பவரே தோற்க நேர்ந்த கொடுமை அது.

பிறரைக் குறை கூறிவந்த நான் என் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். இருபதாண்டுகளுக்கு முன் எழுதிய என் கட்டுரைகள் யாவும் பழைய எழுத்துருவில் இருந்தன. நண்பர் ஒருமுறை அவற்றைக் கேட்டார், மகிழ்ந்து அனுப்பினேன். மறுநாள், 'ஐயா, தாங்கள் ஆங்கிலத்தில் எழுதுவீர்கள் என்பது எனக்குத் தெரியாது. அதுவும் விளங்கவில்லை' என்றார். அதன்பின்தான் எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றினேன். மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மெய்ப்புப் பார்த்து, பிழை ஒன்றும் இல்லையென்று உறுதி செய்துகொண்டு மீண்டும் அனுப்பினேன்.

அன்று மாலையே தொலைபேசியில் அழைத்தார். 'கட்டுரைகள் முழுவதும் கேட்டேன் ஐயா, நன்றாக இருக்கின்றன. ஓர் ஐயம் மட்டும். நீதிநூல் பாடியவர் என்று ஏழெட்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்களே, ஒ-ள-வையார், அவர் யார்?' என்றார். எனக்கு விளங்கவில்லை. கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். ஔவையார் என்றே இருந்தது. பலமுறை உற்று நோக்கியபின் புரிந்தது. ஔகாரம் என்னும் ஓரெழுத்தை இட வேண்டிய இடத்தில், ஒகரத்தையும் அதன் அருகில் ளகரத்தையும் தட்டியிருந்தேன். என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முப்பதாண்டுகள் தமிழ் மெய்ப்புத் திருத்திய கண் அது. நண்பர் காத்திருக்க, தொலைபேசியைக் கீழே வைக்காமலே ஏழெட்டு இடங்களிலும் திருத்தினேன்.